ராட்சசிக்கு யார் முகம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணி ஆனால் ரோஹிணியின் வீட்டுக் கூடத்தில் கால் நீட்ட இடம் இருக்காது. டிவி எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது. ஆனாலும் போட்டியில் நிற்கிற பெண்ணின் வீட்டிலேயே உட்கார்ந்து, அந்த வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டு அந்தப் போட்டியைக் குறை சொல்வதில் ஒரு தனி ருசி.

'மாயாமுகம்' என்று ஒரு தெலுங்கு சேனலில் வந்துகொண்டிருந்தது. எட்டுப் பேர் போட்டி. வாரத்துக்கு ஒரு முகம். பவுடர், லிப்ஸ்டிக் சமாச்சாரம் இல்லை. களிமண்ணில் முகம் பிடித்து, அச்சு எடுத்து, அதில் சிலிக்கானை ஊற்றி, தோலுரித்த மாதிரி எடுத்து ஆளின் மூஞ்சியில் ஒட்டுகிற வேலை. அந்த எட்டுப் பேரில் ஒருத்தி ஹரிதா, ரோஹிணியின் ஓரகத்தி.

குடும்பத்துக்குப் பூர்வீகம் நகரி. அண்ணன் சண்முகமும் தம்பி சந்துருவும் அங்கேயிருந்து துண்டு வேட்டி கொண்டுவந்து திருப்பதியில் கடை போட்டிருந்தார்கள். மூத்தவன் மனைவி ரோஹிணி, இளையவன் மனைவி ஹரிதா; எல்லாரும் ஒரே வீட்டில்தான். கல்யாண மேக்கப்பில் ஆரம்பித்த ஹரிதா, போனைப் பார்த்தே இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு ஐதராபாத் வரைக்கும் போய்விட்டாள். படப்பிடிப்பெல்லாம் முன்னமே முடிந்து வீடு திரும்பியாயிற்று. யார் ஜெயித்தது என்று வெளியே சொல்லக் கூடாதாம். தெரு முழுக்கக் கேட்டும் கல்லுளிமங்கி வாய் திறக்கவில்லை.

"அந்தக் குடுமி வெச்ச ஜட்ஜ் எல்லாத்துக்கும் எமோஷன் இல்லே, எமோஷன் இல்லேங்கறாரே," என்றாள் எதிர்வீட்டு மாதவி. அவள் வீட்டுக்காரர் சாரங்கபாணி கோவிந்தராஜர் கோயிலில் கைங்கர்யம் செய்கிறவர். "போன வாரம் பல்லி வேஷம். பல்லிக்கு என்ன எமோஷன் வேணுமாம்?"

"மூணு நாளு வேலைய மூணு நிமிசத்துல காட்டிட்டு, அவங்க அழுவறத மட்டும் இழுத்து இழுத்துக் காட்டறானுங்க," என்றான் டீக்கடை அண்ணாதுரை.

ரோஹிணி அபிப்பிராயம் சொல்ல மாட்டாள். அவள் மடியில் ஹரிதாவின் மகள் லாஸ்யா படுத்திருப்பாள்; அதுவே அவளுக்குப் போதும். ரோஹிணிக்குக் குழந்தை இல்லை. நாலு வயசு லாஸ்யா அவள் கையில் சோறு தின்று, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற பிள்ளை. 'நீ போய்க்கினு வா, புள்ளய நான் பாத்துக்கறேன்' என்று ஹரிதாவைப் போட்டிக்கு அனுப்பியதே ரோஹிணிதான். இப்போது ஐதராபாத்தில் ஒரு சினிமாக் கம்பெனி ஹரிதாவை ஜூன் மாசத்திலிருந்து வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அதற்கும் ரோஹிணி அதே வார்த்தையைத்தான் சொன்னாள். அந்த வார்த்தையில் பெருந்தன்மை கொஞ்சம், ஆசை நிறைய.

அந்த வாரத்துப் போட்டி, ராட்சசி.

திரை விலகியது. மத்தவர்கள் கொம்பும் கோரைப்பல்லுமாக நிறுத்தியிருந்தார்கள். ஹரிதாவின் ராட்சசிக்குக் கொம்பே இல்லை. வலது புருவம் மட்டும் நெற்றி வரைக்கும் ஏறியிருந்தது. மூக்கோரத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு மரு. முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கோபத்தில் கீழுதடு முறம் மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

காப்பித் தட்டோடு நின்றிருந்த ஹரிதா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"ஐ, பெரிம்மா!" என்று லாஸ்யா எழுந்து கை தட்டினாள்.

குடுமி ஜட்ஜ் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். இதில்தான் உயிர் இருக்கிறது, இந்த முகத்தை எங்கே பிடித்தாய் என்று தெலுங்கில் கேட்டார். டிவிக்குள் இருந்த ஹரிதா சிரித்துக்கொண்டே, "இன்ட்லோ சூசிந்தே சார்," என்றாள். வீட்டில் பார்த்ததுதானாம்.

மாதவி இருமினாள். அண்ணாதுரைக்கு அடக்க முடியவில்லை. டம்ளரோடு வெளியே ஓடினான். வெளியே போய்ச் சிரித்தது உள்ளே நன்றாகவே கேட்டது.

அப்புறம் தெருவுக்கு அதே பேச்சு. 'ராட்சசியம்மாவுக்கு சர்க்கரை கம்மியா ஒரு டீ' என்று அண்ணாதுரை குரல் கொடுப்பான். கீரைக்காரி நிமிர்ந்து ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் கட்டை எடுத்துக் கொடுப்பாள். மாதவி ஆறுதல் சொல்ல வந்தாள். "சாயல் கொஞ்சம்தான் இருக்கு ரோஹிணி, மனசுல வெச்சுக்காதே," என்றாள். சிரித்தவர்களையாவது திட்டலாம், இவளை என்ன செய்வது?

மூன்றாம் நாள் அடுப்படியில் ரோஹிணி கேட்டே விட்டாள்.

"வேணும்னேதான் பண்ணியா?"

இல்லை என்று ஹரிதா சொல்லியிருக்கலாம். ரோஹிணியும் நம்பத் தயாராகத்தான் இருந்தாள்.

"ஆமாங்க்கா," என்றாள் ஹரிதா. "ராட்சசி பண்ண வேண்டிய அன்னிக்கு மத்தியானம் போன் பண்ணேன். ஷூட்டிங்ல போன் குடுக்கறதே பத்து நிமிசம். புள்ள தூங்குதுன்னு சொன்னீங்க. பின்னாடி அவ சிரிக்கறது எனக்குக் கேட்டுது. அப்புறம் போயி களிமண்ணத் தொட்டா, கை அதும்பாட்டுக்கு உங்க மூஞ்சிய பண்ணுது. நடுவுலயே தெரிஞ்சிது. நிறுத்தல."

ரோஹிணிக்குச் சுருக்கென்றது. உண்மைதான். அன்றைக்கு லாஸ்யா பக்கத்திலேயே உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் வெட்கமாக இருந்தது. ஆனால் ரோஹிணிக்கு வெட்கம் வந்தால் அது வாய் வழியாகக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"ராட்சசிகிட்ட எதுக்குடி புள்ளய உட்டுட்டுப் போற? நீயே கூட்டிக்கினு போ!"

"சரிக்கா."

அந்தச் சரியை அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு வார்த்தை கெஞ்சுவாள், ஒரு சொட்டு அழுவாள், அப்புறம் 'போனாப் போவுது, இருக்கட்டும் உடு' என்று சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். மறுநாளே ஹரிதா ஐதராபாத்துக்குப் போன் போட்டுப் பள்ளிக்கூடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். குழந்தை இல்லாத வீட்டை ரோஹிணி நினைத்துப் பார்த்தாள். வாயை விட்டுப் போனது போனதுதான்; கூப்பிட்டுத் திருப்பி வாங்கிக்கொள்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

மே மாசம் கங்கம்மா ஜாத்திரை வந்தது. திருப்பதியில் அந்த வாரம் நாளுக்கு ஒரு வேஷம். அதில் பண்ட வேஷத்து அன்றைக்கு உடம்பெல்லாம் குங்குமம் பூசி, வேப்பிலை கட்டிக்கொண்டு, எதிரே வந்தவரை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு போகலாம். பெரிய மனுஷர், சின்ன மனுஷர் கிடையாது. திட்டு வாங்குகிறவர் கோபிக்கக் கூடாது, பதில் பேசக் கூடாது, கையெடுத்துக் கும்பிட வேண்டும். வேஷம் போட்ட வாய் அம்மன் வாய். அது திட்டினால் பீடை விலகும்.

பெரும்பாலும் ஆம்பிளைகள் போடுகிற வேஷம். "எனக்கு வேண்டுதல் இருக்குது," என்றாள் ரோஹிணி. வேண்டுதல் என்றதும் சண்முகம் வாயை மூடிக்கொண்டான். அவள் நேரே ஹரிதாவிடம் போனாள்.

"எனக்கு அந்த மூஞ்சிய ஒட்டி உடு."

"எந்த மூஞ்சி?"

"நீ பண்ணதுதான்."

ஹரிதா களிமண்ணை எடுத்துப் பிசைய ஆரம்பித்தாள்.

பண்ட வேஷத்து அன்று காலையில் பின்கட்டில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஹரிதாவின் விரல்கள் ரோஹிணியின் நெற்றியிலும் தாடையிலும் ஊர்ந்தன. மூக்கு, புருவம், உதடு என்று ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே வந்தவள் பழக்க தோஷத்தில், "உங்களுக்குக் கொஞ்சமா வெச்சா போதும்க்கா, மீதி இருக்குது," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரோஹிணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒட்டின உதடு பிரிந்துவிடுமே என்று மூச்சைப் பிடித்து அடக்கினாள்.

பம்பைச் சத்தத்தோடு ராட்சசி தெருவில் இறங்கினாள்.

"டேய் அண்ணாதுரை! எருமை மூஞ்சி கழுவின தண்ணிக்கு டீன்னு பேரு வெச்சி விக்கறியேடா, பேமானி! சர்க்கரை கம்மியான்னு வேற கேக்கற! அதுல டீயே கம்மிடா!"

தெரு கொல்லென்று சிரித்தது. இந்த முறை சிரிப்பு அவள் பக்கம் நின்றது. அண்ணாதுரை ஈ என்று இளித்துக்கொண்டு கும்பிட்டான்.

"ஏம்மா மாதவி, கொஞ்சம்தான் சாயலா? கண்ணத் தொடச்சிக்கினு பாருடி, அச்சு அசல்!"

"தாயே, தப்பு தப்பு," என்று மாதவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சண்முகத்துக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்தது மொத்தமாகக் கிடைத்தது. அவனும் கும்பிட்டுத்தான் நின்றான்.

கடைசியில் அவள் தன் வீட்டு வாசலுக்கே வந்து நின்றாள். லாஸ்யாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஹரிதா நின்றிருந்தாள். பம்பைக்காரர் கோலை நிறுத்தினார். இதற்காகத்தானே இத்தனையும் என்று தெருவே காதைத் தீட்டிக்கொண்டது.

"ஏண்டி கைகாரி!" என்று எடுத்தாள் ரோஹிணி. "என் மூஞ்சிய ஊரு பூரா காட்டினியே! காட்டுடி, நல்லா காட்டு! உள்ளதத்தான காட்டின! புள்ள தூங்கலடி அன்னிக்கி. முழிச்சிக்கினுதான் இருந்தா. நான்தான் பொய் சொன்னேன். உன் குரலு கேட்டா என்னை உட்டுட்டு உன்னத் தேடிக்கினு போயிடுவாளோன்னு பயம் எனக்கு." குரல் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு சொன்னது திட்டு மாதிரியே இல்லை. "கூட்டிக்கினு போ. பெத்தவ நீ. நான் போன் பண்ணா மட்டும் தூங்கறான்னு சொல்லிடாத."

திட்டு வாங்குகிறவர் பதில் பேசக் கூடாது. ஹரிதா குழந்தையை இறக்கி விட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்படிக் கும்பிட்டபோதுதான் பார்த்தாள். கண்ணீர் சிலிக்கானுக்கு அடியில் இறங்கி, மூக்கு ஒரு பக்கமாகப் பெயர்ந்துகொண்டிருந்தது. இடுப்பில் செருகியிருந்த பசைக் குப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

"அழாதீங்கக்கா, மூக்கு கழண்டுக்கும்," என்று தடவி, மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "உங்க குரலு கேக்காம ஒரு வாய் துன்னுவாளா அவ? தூங்கறான்னு நான் எப்பிடிக்கா சொல்றது?" என்றாள்.

அந்தப் பசை பிடிக்க அரை நிமிஷம் போதும். ஹரிதா கையை எடுக்கவில்லை. ரோஹிணியும் முகத்தை நகர்த்தவில்லை.