மூன்று திரி

வியட்நாமின் கூச்சி போர்ச் சுரங்கங்களை விட்டுப் பேருந்து கிளம்பும்போதே மணி ஐந்தரை. நாச்சம்மை, மாமியார் அனுப்பியிருந்த நாட்காட்டித் தாளின் படத்தைக் கைப்பேசியில் நாலாவது தடவையாகப் பார்த்தாள். சஷ்டி மாலை 6.52 வரை. அதற்குள் சைகோன் விடுதிக்குப் போய்ப் பிள்ளையார் நோன்பு இழை எடுத்தாக வேண்டும்.

புது வேட்டியிலிருந்து உருவிய இருபத்தொரு நூலைத் திரித்து, இனிப்பு மாவில் செருகி, ஏற்றிய சுடரோடு விழுங்குகிற நோன்பு. நகரத்தார் எந்த நாட்டுக்குப் போனாலும் விடமாட்டார்கள். ஆளுக்கு ஓர் இழை. வயிற்றில் பிள்ளை இருப்பவளுக்கு இரண்டு.

அந்த இரண்டாவது இழைதான் அவள் கவலையெல்லாம். முன்தினம் விடுதிக்கு எதிர் மருந்துக்கடையில் வாங்கிய கர்ப்பச் சோதனைப் பட்டையில் இரண்டு கோடுகள் தெரிந்தன. கணவன் முருகப்பனுக்கு இன்னும் தெரியாது. முன்பு இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லி, வீடே கொண்டாடி, இரண்டும் தங்கவில்லை. இந்தத் தடவை பிள்ளையார் முன் இரண்டாவது இழைக்குக் கை நீட்டித்தான் சொல்வது என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

"இம்புட்டுத் தூரம் வந்து சுரங்கத்துக்குள்ள இறங்கமாட்டேன்னுட்டியே" என்றான் முருகப்பன்.

"நீங்க இறங்குன லட்சணத்தைத்தான் பார்த்தேனே. பின்னால வந்த ஆஸ்திரேலியாக்காரர் காலைப் பிடிச்சு இழுக்கலேன்னா இன்னும் அங்கதான் இருப்பீங்க."

பச்சை வயல்களும் மேயும் மாடுகளும் பின்னால் போயின. நகரம் நெருங்க நெருங்க, வேலை விட்டு வந்த ஆலைத் தொழிலாளர்களின் மோட்டார் சைக்கிள்கள் சாலையை அடைத்துக்கொண்டன. ஒரு சிக்னல் விளக்கடியில் பேருந்து நின்றது நின்றதுதான். 6.52 ஆனது. 6.53 ஆனது. நாச்சம்மை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அழுகுறியா? வேணும்னேவா தவறவிட்டோம்? பிள்ளையாருக்குத் தெரியாதா?"

அவள் கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். இரண்டாவது இழையைப் பற்றி அவனிடம் எப்படிச் சொல்வாள்?

ஏழு முப்பத்தைந்துக்கு அறைக்கதவைத் திறக்கும்போது காரைக்குடியிலிருந்து மாமியார் தெய்வயானை ஆச்சி வீடியோவில் அழைத்தாள்.

"நேரம் போச்சு அயித்தை" என்றாள் நாச்சம்மை.

"எங்க போச்சு? நான் இப்பத்தான் பிள்ளையாரைப் பிடிச்சு வச்சிருக்கேன். மணி ஆறு அஞ்சுதானே ஆகுது."

ஆச்சியின் முதுகுக்குப் பின்னால் முற்றத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. முருகப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். "படத்துல இருக்கிறது நம்மூர் மணி. இங்க ஒன்றரை மணி கூட. எட்டு இருபது வரைக்கும் சஷ்டி இருக்கு."

"ரெண்டு பேரும் இஞ்சினியருக" என்றாள் ஆச்சி. "போய்க் குளிங்க."

நாச்சம்மை கட்டிலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். மூச்சு இப்போதுதான் நெஞ்சுக்குள் இறங்குவதுபோல் இருந்தது.

அறைக்குள் நெருப்புக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்ததால் பால்கனியில், நாச்சம்மை இழைகளைச் செருகித் தயாராக்கிய மாவுத் தட்டை வைத்தார்கள். கீழே ஹாரன் ஓயவில்லை. முருகப்பன் ஓர் இழையை ஏற்றி அவளுக்குக் கொடுத்தான். தானும் ஒன்று எடுத்துக்கொண்டான். தட்டில் ஒன்று மிஞ்சியது.

"இது யாருக்கு? கணக்குத் தப்பித் திரிச்சிட்டியா?"

"இல்லை" என்று அவள் மறுபடி கை நீட்டினாள். "அதுவும் எனக்குத்தான்."

அவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அந்த இழையை எடுத்து ஏற்றினான். காற்றில் அணைந்தது. கையால் மறைத்து மறுபடி ஏற்றிக் கொடுத்தான். அவள் சுடரோடு விழுங்கும்வரை அவன் மூச்சு விடவில்லை.

"எப்பத்திலேர்ந்து?"

"நேத்துத்தான் தெரியும். அயித்தைகிட்ட இப்பச் சொல்ல வேண்டாம். கொஞ்ச நாள் நம்ம ரெண்டு பேரும் மட்டும் வச்சிக்குவோம்."

"சரி." அவன் தரையிலேயே அவளை ஒட்டி உட்கார்ந்தான். "நாளைக்கு தலாத் மலைக்குப் போறதை விட்ருவோமா? ஏழு மணி நேரம் பஸ்ஸு."

"அருவி பார்க்கணும்னுதானே வந்தோம். நம்ம டாக்டரம்மாகிட்ட கேட்டுக்கிட்டு, பிளேன்ல போவோம்."

முருகப்பன் அங்கேயே டாக்டரின் எண்ணைத் தேட ஆரம்பித்தான். நாச்சம்மை அவன் தோளில் சாய்ந்து, விரலில் ஒட்டியிருந்த மாவை நக்கிக்கொண்டிருந்தாள்.