ரெனிதா வண்டி டென்ஷனர்

எனக்குக் கோபம் வந்தால் கை நின்றுபோகும், வாய் நிற்காது. குமணன்சாவடியில் பாஸ்கரன் மெக்கானிக் கடை எது என்று கேட்டால், சத்தம் வருகிற கடை என்று காட்டுவார்கள். விஜயதசமி அன்று விடியற்காலை ஐந்து மணிக்கே அந்தச் சத்தம் ஆரம்பித்துவிட்டது.

காரணம் ரெனிதாவின் வண்டி. பதினெட்டு வருஷத்துப் பழசு, அவள் அப்பா ஓட்டியது. இன்ஜினில் டைமிங் செயின் தளராமல் பார்த்துக்கொள்ள டென்ஷனர் என்று ஒன்று இருக்கும், கட்டைவிரல் அளவுதான். ஸ்பிரிங் தள்ள, அதில் இருந்து ஒரு தண்டு வெளியே வந்து செயினை அழுத்திப் பிடிக்கும். அது தேய்ந்துபோய், தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி இன்ஜின் ஒரு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தது. அதன் அடியில் கசியாமல் இருக்க வைக்கிற பேக்கிங் ஓரமாக ஆயில் வேறு ஒழுகியது.

அன்று ரெனிதாவுக்குப் புது வேலையில் முதல் நாள். ஒரு லேபுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்க வேண்டும். ஆறு மணிக்கு நெமிலிச்சேரியில் ஒரு சர்க்கரைக்காரர் வெறும் வயிற்றோடு காத்திருப்பார். முதல் நாளே தாமதம் என்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். எட்டு மாதமாக வேலை தேடி அலைந்தவள் அவள்.

முந்தின நாள் காலையிலேயே பழைய டென்ஷனரைக் கழற்றிவிட்டேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடை மோகன் புதுசைக் கொண்டுவந்து கொடுத்தபோது ஆயுத பூஜைக்கு நேரமாகிவிட்டது. அட்டைப் பெட்டியைக் கிழித்து, டென்ஷனரையும் பூஜைக்கு வைத்த ஸ்பேனர் தட்டில் போட்டேன். பூஜை முடிந்தால் மறுநாள் காலை வரை என் கடையில் யாரும் ஸ்பேனரைத் தொட மாட்டோம்.

"நாளைக்கு நாலரைக்கு வா. அஞ்சு மணிக்கு வண்டி உன் கைல கீது" என்று ரெனிதாவிடம் சொன்னேன்.

"மெய்யாலுமா அண்ணே?"

"பாஸ்கரன் சொன்னா சொன்னதுதான், போ."

நாலரைக்கு வந்து நின்றாள், தோளில் சாம்பிள் பெட்டியோடு. தட்டில் இருந்ததையெல்லாம் வேஸ்ட் துணியால் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்தேன். டென்ஷனரை மாட்டி, போல்ட்டை முறுக்கி, கிக்கரை உதைத்தேன். முன்பைவிட மோசமாகக் கத்தியது. பேக்கிங் ஓரத்தில் ஆயில் கோடு போட்டு இறங்கியது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. மாலையும் கழுத்துமாக வாசலில் நின்ற என் வண்டி சீட்டில் ஒரு குத்து குத்திவிட்டு மோகனுக்கு போன் போட்டேன்.

"டேய், டூப்ளிகேட்ட என் தலைல கட்டினியாடா? உன்ன நம்பினதுக்கு ஒரு பொண்ணு வேலை போவப்போவுது."

"இன்னா அண்ணாத்தே இப்புடி சொல்ற. ஒரிஜினல் பீஸு அது. அட்டைய நீதானே கிழிச்ச."

"அட்டைய ஒரிஜினலா அடிச்சுக்கினு உள்ள குப்பைய வெக்கற திருட்டுப் பய நீ. இப்ப வர்றியா, நான் உன் ஊட்டுக்கு வரட்டா?"

எதிரே டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் நானும் கத்தினேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா" என்றாள் ரெனிதா.

"இரும்மா. இவன ஒரு வழி பண்ணிட்டு வரேன்."

மோகன் நூம்பலில் இருந்து சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் வந்து சேர்ந்தான். அவன் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அவனையும் அவன் கடையையும் அந்தக் கடையைத் திறந்த முகூர்த்தத்தையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தேன். நடுவில் ரெனிதா இரண்டு தரம் "அண்ணே" என்றாள். இரண்டு தரமும் கையைக் காட்டி அடக்கினேன்.

"திட்டுனது போதும், கழட்டு" என்றான் மோகன்.

கழற்றினேன். தண்டு வெளியே வரவே இல்லை, உள்ளேயே சிக்கி நின்றது. அது வெளியே வரும் துளையைச் சுற்றி மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. பேக்கிங் உட்காரும் இடத்திலும் அதே மஞ்சள் காய்ந்து கட்டி தட்டியிருந்தது. மோகன் வாங்கி மோந்து பார்த்தான்.

"சந்தனம்" என்றான். "நேத்து தட்டுக்கு பொட்டு வெச்சது யாரு அண்ணாத்தே?"

என் கடையில் பொட்டு வைப்பது நான்தான். ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூட விட்டுப்போகக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் தாராளமாக வைத்திருந்தேன். மோகன் டீக்கடைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். அவன் என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பெட்ரோலில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்தேன். தண்டு டக்கென்று வெளியே வந்தது. மாட்டி உதைத்தேன். சத்தமும் இல்லை, ஒழுகலும் இல்லை. மணி ஆறாக ஐந்து நிமிஷம். அங்கிருந்து நெமிலிச்சேரிக்கு அரை மணி நேரமாவது ஆகும்.

அப்போதுதான் அவள் போன் அடித்தது. "குமணன்சாவடில கீறேன் சார்" என்றாள். அப்புறம் "சரி சார்" என்று இரண்டு தரம் சொல்லி வைத்துவிட்டாள். வேறு ஆளை அனுப்புகிறார்களாம். அவள் இனி வர வேண்டாமாம்.

என் மேலேயே எரிச்சலாக வந்தது. அதையும் அவள் மேல்தான் காட்டினேன்.

"இன்னாமோ கேக்கணும் கேக்கணும்னு நின்னியே, இன்னாதான் அது?"

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே வாசலைக் காட்டினாள். "ஒங்க வண்டிய ஒரு மணி நேரம் குடுங்கன்னு கேக்க வந்தேன் அண்ணே."

வாசலில் என் வண்டி மாலையோடு நின்றது. காலையில் நான் அதில்தான் கடைக்கு வந்திருந்தேன். சாவி என் சட்டைப் பையிலேயே இருந்தது.