உள்தளத்துக்கு அடியில்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: நான் பார்த்தது கொஞ்சம்தான். படகுப் பட்டறை ஒன்றில், முட்டுக்கட்டைகள் மேல் நிறுத்திய ஃபைபர் படகின் அடியில் ஒருவர் மல்லாந்து கிடந்தார். சுத்தியல் பிடியால் ஓரிடத்தைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். மறுபடி தட்டினார். பத்து நிமிடம் நின்றேன். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். இனி வருவதெல்லாம் கற்பனை.

2

"காலை வெயில் பட்டறையின் தகரக் கூரைமேல்..."

வேண்டாம். வெயிலில் ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லை.

பட்டறைக்காரருக்கு முட்டி வலி. (வயது ஐம்பத்திரண்டு என்று போட்டிருந்தேன். அடித்துவிட்டேன், வலியே போதும்.) படகு அவருடைய தங்கை புருஷனுடையது. அடியில் மயிரிழை விரிசல். சுற்றிலும் கையகலத்துக்குத் தேய்த்து, கண்ணாடி இழைப் பாயை ரெசின் பசையில் நனைத்து மூன்று அடுக்கு ஒட்டி, காய்ந்ததும் பெயின்ட்டும் அடித்தாயிற்று. நாளை விடிந்ததும் படகு கடலுக்குப் போகிறது.

கடைசியாகத் தட்டிப் பார்த்தார். எங்கும் கெட்டியான சத்தம். ஒட்டுப் போட்ட இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி மட்டும், உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் பொத்தென்றது. படகின் அடிப்பாகத்தை உள்ளிருந்து தாங்கும் சட்டம் ஒட்டு விட்டுக் கழன்றிருக்கிறது. வெளியே விரிசல் வந்ததே அதனால்தான். வேலையைத் தொடங்கும் முன்பே தட்டியிருக்க வேண்டும். விரிசல் கண்ணுக்குத் தெரிந்ததால் காதைக் கேட்கவில்லை.

3

சட்டத்தைச் சரிசெய்ய, அதை மூடியிருக்கும் உள்தளத்தை உடைக்க வேண்டும். அந்தத் தளத்தைப் போட்டது தங்கை புருஷனான மாப்பிள்ளை, தன் கையாலேயே, இருபது நாள். உருப்படியாக ஒன்றும் செய்யத் தெரியாதவர் என்று பட்டறைக்காரர் வாயால் பேர் வாங்கியவர் அவர்.

[தங்கை அழுவதாக இங்கே ஒரு காட்சி இருந்தது. அவள் அழுகிறவள் இல்லை. நீக்கிவிட்டேன்.]

"என்ன மச்சான், அடியில படுத்துத் தூக்கமா?"

"முட்டி மடங்கல மாப்ள."

"மேல ஏறித் தளத்தப் பாத்தீங்களா? தண்ணி ஊத்துனா ஒரு சொட்டு நிக்காது. அப்படி வாட்டம் குடுத்திருக்கேன்."

"பாத்தேன்."

"பாத்தேன்னா? நல்லாருக்குன்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா?"

"நல்லாருக்கு."

மாப்பிள்ளை குனிந்து படகின் அடியில் எட்டிப் பார்த்தார்.

"பதினஞ்சு வருசத்துல இன்னைக்குத்தான் சொல்றீங்க."

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

சொல்லிவிடுகிறார், இருவருமாகத் தளத்தை உடைக்கிறார்கள். இதில் எல்லாரும் என்னைவிட நல்லவர்களாக இருக்கிறார்கள்.

சொல்லவில்லை. கரை மறைந்த பிறகு மாப்பிள்ளையின் காலடியில்... (மூன்று முறை தொடங்கினேன். கை வரவில்லை.)

சொல்லவில்லை, ஒன்றும் ஆகவுமில்லை. படகு தினமும் போய்த் திரும்புகிறது. தினமும் பட்டறைக்காரர் கரையில் நின்று, திரும்பும் படகுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். இதுதான் மிகவும் களைப்பான முடிவு.

எதையும் வைத்துக்கொள்ளவில்லை. இவ்வளவுதான் எனக்கு உறுதியாகத் தெரியும்:

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

அடுத்த வரி உங்களுடையது. சீக்கிரம் எழுதுங்கள். இன்னொரு தடவை பாராட்டப் போகிறார் என்று நினைத்து, மாப்பிள்ளை குனிந்து நிற்கிறார்.