இடது காலில் எழுதிய மனு

எங்கள் ஊரில் அரசாங்கத்துக்குக் கொடுக்கும் மனுவை வறண்ட தோலில்தான் எழுத வேண்டும். நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழுகிற தோல் இருந்தால் போதும். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே பத்து வரி எழுதலாம். உயரமானவர்களுக்குப் பன்னிரண்டு வரி வரை இடம் கிடைக்கும். குட்டையானவர்கள் குறைகளைச் சுருக்கமாகச் சொல்லப் பழகியிருக்கிறார்கள்.

எழுதிய மனு ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், அழியாமல் இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் அது உண்மையான குறை. நடுவில் அழிந்துபோனால் குறை தானாகவே தீர்ந்துவிட்டது என்று பதிவேட்டில் குறித்துக்கொள்வார்கள்.

நான் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். மனுதாரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, காலை நீட்டிக் கண்ணாடிமேல் வைப்பார்கள். நான் மூடியை மெதுவாகச் சாய்த்து மூன்று நகல் எடுத்துக் கொடுப்பேன். அதிகாரி அசலைப் பார்த்துவிட்டு நகலை வாங்கி வைத்துக்கொள்வார், மனுதாரர் காலோடு வீட்டுக்குப் போகலாம். பதினோரு வருஷத் தொழிலில் ஊரில் பாதிப் பேரை எனக்கு முகத்தால் அடையாளம் தெரியாது, காலால் தெரியும்.

என் மனைவி தமயந்தி மலைமேல் இருக்கும் ஓர் ஊரில் பதிவறை எழுத்தராக இருந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். அதில் நான்கு வருஷம் அவள் அங்கே, நான் இங்கே. மலையில் வருஷம் முழுக்க மூடுபனி என்பதால் அங்கே யாருடைய தோலும் வறளாது. நகத்தால் கீறினால் வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே அங்கே வேலை பார்க்கிறவர்கள் இடமாற்றம் கேட்டு மனு எழுதியதே இல்லை. மலையூர் ஊழியர்கள் முழு மனநிறைவோடு இருப்பதாக ஆண்டறிக்கையில் தவறாமல் போடுவார்கள். தமயந்திக்காக நான்தான் எழுத வேண்டியிருந்தது. எனக்கு அவள் வீட்டில் இருக்க வேண்டும், வேறு குறை ஒன்றும் எனக்கு அரசாங்கத்திடம் இல்லை.

அலுவலக வாசலில் வாகை மரத்தடியில் மனு எழுதுகிற அந்தோணிசாமியிடம் போனேன். வலது கட்டை விரல் நகத்தைக் கூராகச் சீவி வைத்திருப்பார். சாப்பிடும்போதுகூட அந்த விரலை மடக்கிக்கொள்வார். என் காலில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“பரஞ்சோதி, இந்தக் கால்ல எழுத்து நிக்காது. எண்ணெய்ப் பசை. வீட்டுக்காரம்மா வந்துட்டுப் போனாங்களா?”

“போன சனிக்கிழமை வந்தா.”

“அதானே பாத்தேன்.”

தமயந்தி பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருவாள். வந்ததும் பையை வைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெயைத் தொட்டு என் காலில் தேய்ப்பாள். நான்கு வருஷமாக அவள் என்னிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தோணிசாமி இழுப்பறையிலிருந்து ஒரு துண்டறிக்கையை எடுத்துத் தந்தார். சருமத்தை இயற்கையாகப் பராமரிக்கும் வழிகள் என்று மேலே அச்சிட்டிருந்தது.

“இதுல போட்டிருக்கற எதையும் செஞ்சிடாதீங்க. மூணு வாரம் கழிச்சு வாங்க.”

நான் அறிக்கையைக் குளியலறைக் கதவில் ஒட்டி வைத்துக்கொண்டேன். வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்து முடிக்கச் சொல்லியிருந்தது. நான் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். சோப்பைக் குறைத்துப் பாசிப்பயற்று மாவு போடச் சொல்லியிருந்தது. நான் துணி துவைக்கிற கட்டி சோப்பைப் போட்டேன். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெயோ க்ரீமோ தடவ வேண்டுமாம். நான் சாக்கால் அழுத்தித் துடைத்துவிட்டு மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்தேன். தண்ணீர் நிறையக் குடிக்கவும் என்ற வரியை மட்டும் என்னால் முழுதாக மீற முடியவில்லை. மூன்றாவது வாரம் கால் செதில் செதிலாக, பார்க்கவே லட்சணமாக இருந்தது. அந்தோணிசாமி ஒரு கோடு இழுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் மரியாதை தெரிந்தது.

இடது காலில் பத்து வரி எழுதினார். தமயந்தி என்ற பெயரை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போட்டார்.

அந்த மாதம்தான் மென்மைத் திட்டம் வந்தது. அலுவலக வாசலில் ஆளுக்கொரு மாய்ஸ்சரைசர் டியூப் இலவசமாகக் கொடுத்தார்கள். கொடுத்ததோடு விடாமல் இரண்டு தன்னார்வலர்கள் மண்டியிட்டுக் காலில் தடவியும் விட்டார்கள். மக்களின் காலடியில் அரசு என்று பின்னால் ஒரு பேனர் கட்டியிருந்தது. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு அறுநூறு மனுக்கள் வந்துகொண்டிருந்த இடத்தில் பதினொன்று வந்தன. மாவட்டத்திலேயே குறை குறைந்த தாலுகா என்று கேடயம் கொடுத்தார்கள். எனக்குக் கடையில் ஈ ஓட்டுவதுதான் வேலையாக இருந்தது.

திட்டத்துக்குக் கடும் எதிர்ப்பும் கிளம்பியது. மூலிகை கனகசபை என்பவர் ரசாயன க்ரீம் வேண்டவே வேண்டாம் என்று துண்டுச்சீட்டு கொடுத்தார். கல்யாண மண்டபத்தில் ‘மாய்ஸ்சரைசர் தேவையா?’ என்று ஒரு விவாதக் கூட்டம் வைத்தார்கள். தேவை என்று பேசத் தோல் டாக்டர் ஒருவர் வந்தார். தேவையில்லை, கற்றாழையும் நல்லெண்ணெயும் பாலாடையும் இருக்க அது எதற்கு என்று கனகசபை மேஜையைத் தட்டினார். இருவரும் பேச்சோடு நிற்கவில்லை. டாக்டரின் ஆட்கள் கூட்டத்தினரின் வலது காலில் க்ரீம் தடவிக் காட்டினார்கள், கனகசபையின் ஆட்கள் இடது காலில் கற்றாழை தடவிக் காட்டினார்கள். நான் கடைசி வரிசையில் சாக்குக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர்கள் வந்தபோது அவர்கள் தடவிவிட்டார்கள் என்றேன், அவர்கள் வந்தபோது இவர்கள் தடவிவிட்டார்கள் என்றேன்.

கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்தாள். “தோலுக்குத் தேவையான எண்ணெயை அதுவே சுரந்துக்காதுங்களா?” என்று கேட்டாள். சுரக்காது என்று டாக்டரும் கனகசபையும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

கூட்டம் முடிந்தபோது மண்டபத்தில் என்னுடையதைத் தவிர அத்தனை மனுக்களும் தீர்ந்திருந்தன. என் பக்கத்தில் இருந்தவர் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “எங்க தெருவுக்கு விளக்கு வந்திருச்சுங்க” என்று சொல்லிவிட்டு, கைபேசி டார்ச்சை அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஆண்டறிக்கை வேலை என்று இரண்டு மாதமாக லீவு கிடைக்காமல் இருந்த தமயந்தி நாற்பதாவது நாள் வந்தாள். பையை வைத்துவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தவள் என் காலைப் பார்த்தாள்.

“என்னங்க இது, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு?”

“தொடாத. இன்னும் எட்டு நாள் இருக்கு.”

“எதுக்கு இந்த மனு?”

“நீ இங்க வரதுக்கு.”

“நான்தான் வந்திருக்கேனே.”

அவள் குனிந்து பத்து வரியையும் படித்தாள். தன் பெயர் பெரிதாக இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கண்ணீர் காலில் விழுந்துவிடாதபடி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பதிவறையில் வேலை பார்த்தவள், ஆவணத்தின் அருமை அவளுக்குத் தெரியும்.

“வலது கால்ல ஒண்ணும் எழுதலையே?” என்று கேட்டாள்.

எழுதவில்லைதான். ஆகவே வலது காலில் மட்டும் தேய்த்துவிட்டாள். இரண்டு மாதம் காய்ந்த கால் அவ்வளவு எண்ணெயையும் குடித்தது. அந்தச் சுகத்தில் மத்தியானம் நான் அசந்து தூங்கிப்போனேன். நான் எப்போதும் ஒருக்களித்து, ஒரு கால்மேல் இன்னொரு காலைப் போட்டுத்தான் தூங்குவேன். தமயந்திக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். இருவருக்கும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

எழுந்து பார்த்தபோது கடைசி மூன்று வரிகள் மங்கியிருந்தன. முழுதாக அழியவில்லை. சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படிக்க முடிந்தது. தமயந்தி எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

நாற்பத்தெட்டாவது நாள் காலையில் கடையைத் திறந்து, என் காலை நானே கண்ணாடியில் வைத்து நகல் எடுத்தேன். ஏழு வரி வந்தது. மீதி வெறும் கறுப்பாக இருந்தது. என் கடையிலிருந்து தெளிவில்லாத நகல் வெளியே போனது அதுவே முதல் முறை.

கண்காணிப்பாளர் லூர்துமேரி அம்மா என் காலை மேஜைமேல் வைக்கச் சொல்லி, பூதக்கண்ணாடியால் பார்த்தார். சன்னல் பக்கம் திருப்பச் சொன்னார். பத்து வரியையும் வாய்விட்டுப் படித்தார்.

“மனு சரியா இருக்கு. ஏத்துக்கறேன்” என்றார். பிறகு நகலைத் தூக்கிப் பார்த்தார். “நகல் தெளிவா இல்லையே.”

“மிஷின் நல்லாத்தாங்க மேடம் இருக்கு.”

“நகல் தெளிவில்லேன்னா அசலைக் கோப்புல வைக்கணும். உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். நகல் சரியாக விழாத மூன்று பேருடைய மனுவை நான் எச்சிலைத் தொட்டு அழித்து அனுப்பியிருக்கிறேன், இது நேராமல் இருக்க. கடைச் சாவியைக் கேட்டு வாங்கி மனுவோடு இணைப்பாகச் சேர்த்தார்கள். என் கட்டை விரலில் எண் எழுதிய அட்டையைக் கட்டி, பதிவறையில் மூன்றாவது ரேக்கில் இரண்டாம் தட்டில் உட்காரவைத்தார்கள். தட்டு அகலம்தான். தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டால் போதும். மேல் தட்டில், என் கடை வருவதற்கு முன்பே பட்டா பெயர் மாற்றம் கேட்டு எழுதிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். சீப்பு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

மனு பதினைந்தே நாளில் பலித்தது. தமயந்தியை எங்கள் ஊருக்கு மாற்றி உத்தரவு வந்தது. எங்கள் தாலுகா அலுவலகத்தில் பதிவறை எழுத்தர் இடம்தான் காலியாக இருந்தது.

இப்போது அவள் காலை பத்து மணிக்கு வருகிறாள். முதலில் என்மேல் இருக்கும் தூசியைத் தட்டுகிறாள். பதிவறைக்குள் எண்ணெய், க்ரீம், கற்றாழை எதையும் கொண்டுவரக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது. அவள் விதியை மீறுகிறவள் இல்லை. கோப்புகள் சாப்பிடலாமா என்று விதியில் ஒன்றும் சொல்லாததால், மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து எனக்கும் கொடுக்கிறாள். ஐந்தரை மணிக்குப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறாள். நான்கு வருஷமாகப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை பார்த்தவளை இப்போது ஞாயிறு தவிர எல்லா நாளும் பார்க்கிறேன். ஐந்தரை மணி மட்டும்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

என்னை விடுவிக்கக் கோரி அவள்தான் மனு கொடுக்க வேண்டும். அதற்காக எண்ணெய் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். மலையின் ஈரம் அவள் தோலிலிருந்து இறங்க எட்டு மாதம் ஆயிற்று. குளியலறைக் கதவில் நான் ஒட்டிய அறிக்கை இன்னும் அங்கேதான் இருக்கிறதாம். சாக்கு கிழிந்துபோய் வேறு வாங்கினாளாம்.

நேற்று மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் புடவையைக் கணுக்காலுக்குமேல் நாலு விரல் தூக்கி, நகத்தால் ஒரு கோடு இழுத்தாள். வெள்ளையாக விழுந்தது.

“அந்தோணிசாமிகிட்ட நாளைக்கே போயிடறேன்” என்றாள். பிறகு யோசித்தாள். “நகலுக்கு என்னங்க பண்றது?”

ஊரில் இருந்த ஒரே ஜெராக்ஸ் கடையின் சாவி என் கோப்பில் இணைப்பாக இருக்கிறது. நகல் இல்லையென்றால் என்ன விதி என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவள் ஈரமில்லாத துணி ஒன்றை எடுத்துவந்தாள். என்னைக் கொஞ்சம் நகர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டாம் தட்டில் என் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடத்தைத் துடைத்து வைத்தாள்.