சவேரியாரை விழுங்கிய மருமகள்

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: அப்பா சவரிராஜ், அக்கா சான்ட்ரா, அண்ணன் கிளமென்ட், அண்ணி ஃபிளோரா, அவள் மடியில் இன்னும் பெயர் வைக்காத அவர்களுடைய பையன். அப்புறம் நான், இளைய மகன். வேலையை விட்டுவிட்டு மன்னார்குடிக்கே திரும்பி வந்தவன் என்பதால் என் ஓட்டு செல்லாது.

மறுநாள் ஞானஸ்நானம். சாயங்காலத்துக்குள் பங்குச் சாமியாரிடம் பெயரைச் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்குத் தன் பெயர் பேரன் தலையில் ஏற வேண்டும். அக்காவின் பையன்களிடம் அது நடக்கவில்லை. அண்ணனோ ஒரு பிள்ளை போதும் என்கிறான். இதை விட்டால் வேறு தலை கிடையாது.

"சவரியா? பள்ளிக்கூடத்துல சவுரிமுடின்னு கூப்புடுவானுங்கப்பா" என்றாள் அக்கா. "ரேயான்னு வைங்க."

"ரேயான் சட்டைத்துணிடி. என்னை எவன் சவுரிமுடின்னு கூப்ட்டான்?"

"உங்களுக்குத்தான் முடியே இல்லையே."

"ஆரன்னு வைக்கலாம்ப்பா" என்றான் அண்ணன்.

"லாரி ஆரனா, பஸ் ஆரனா?"

அப்போது அண்ணி சொன்னாள்: "மாமா பேரையே வச்சுருவோம்."

அப்போதும் பெயர் அவள் வாயில் வரவில்லை. மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். கல்யாணமான நாளிலிருந்து அண்ணி அதை மீறியதில்லை. சிலிண்டர்காரன் யார் பேரில் என்று கேட்டால் "மாமா பேர்ல" என்பாள். கோயிலில் புனிதர்கள் பிரார்த்தனை வரும்போது, "புனித பிரான்சிஸ்" என்பதோடு நிறுத்தி, மாமனார் பெயருக்கு மூலமான சவேரியாரை விழுங்கிவிட்டு, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று மறுபடி சேர்ந்துகொள்வாள்.

அப்பா துண்டில் மூக்கைச் சிந்தினார். "பெத்தது ரேயான்ங்குது. வந்தது என் பேரை வைக்கச் சொல்லுது, பாத்தியா? ஒண்ணு சொல்லிட்டேன், புஜ்ஜி குஜ்ஜின்னு எவளும் கூப்புடக் கூடாது. ஞானஸ்நானப் பேருதான்."

"சரிங்க மாமா" என்றாள் அண்ணி, மிக மரியாதையாக.

அப்பா அங்கேயே சாமியாருக்குப் போன் போட்டுப் பெயரைச் சொன்னார். வைத்துவிட்டு, வழக்கம்போல ஈரத்துண்டை சோபாவின் மேல் போட்டார்.

"டேய் சவரிராஜ்!"

"என்ன?" என்று திரும்பினார் அப்பா.

"உங்களை இல்லீங்க மாமா." அண்ணி மடியைப் பார்த்துக் குனிந்தாள். "ஈரத்துண்டை சோபாவுல போடாதன்னு எத்தனை வாட்டிடா சொல்றது? நடவு வயல்லேருந்து வந்து சேத்துக்காலோட அடுப்படி வரைக்கும் வருவியா? உடம்புல சக்கரைய வச்சுக்கிட்டு பலாச்சுளைய ஒளிச்சுத் திங்கிறியே, வெக்கமா இல்ல?"

பையன் கொட்டாவி விட்டான். அண்ணன் மின்விசிறியை ஆராய்ந்தான். அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அம்மா போன பிறகு அந்த வீட்டில் அப்பாவை யாரும் திட்டியதில்லை. திட்டு வாங்கும்போது எப்படி நிற்பது என்றே அவருக்கு மறந்துபோயிருந்தது. மெதுவாகத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ரேயானும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"ஃபாதர்ட்ட சொல்லியாச்சுங்களே மாமா."

"வீட்ல கூப்புட வேற பேரு..."

"புஜ்ஜின்னா?"

அண்ணி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "வா சவரிராஜ், உள்ள வா. தண்ணி மோட்டார் விஷயமா உன்கிட்டத் தனியாப் பேசணும்."

"மோட்டாரை நிறுத்திட்டேனே..." என்று அப்பா பின்னாலேயே போனார். கொல்லையில் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவர் முகத்துக்கு நேரே அறைக்கதவு சாத்திக்கொண்டு, தாழ்ப்பாள் விழுந்தது.