தம்பிக்காகத் தேய்த்த அட்டை

கண்டி நகரின் கொழும்பு வீதியில் ஒரு புடவைக் கடையில் நிஷாந்தி காசாளர். வியாழக்கிழமை முற்பகல், கல்யாணச் சேலைக்கு பில் போட்டுக்கொண்டிருந்தபோது, அவளைக் கேட்டு கடைத் தொலைபேசிக்கு அழைப்பு வந்தது.

"யோகராஜோட மிஸிஸா? பேங்க்ல இருந்து பேசுறோம். அவரு கிரெடிட் கார்ட்ல மூணு லட்சத்து நாப்பதாயிரம் நிக்குது. ரெண்டு மாசமா ஒண்ணும் கட்டல. போன் எடுக்கிறதும் இல்ல. உங்க வேலையிட நம்பரத்தான் குடுத்திருக்காரு."

முதலாளி பக்கத்திலேயே நின்றிருந்தார். "பாக்கிறேன்" என்று மட்டும் சொல்லி அவள் போனை வைத்தாள். காது இரண்டும் எரிந்தன. புருஷனிடம் அப்படியொரு அட்டை இருப்பதே அவளுக்குத் தெரியாது.

யோகராஜ் பல்லேகலயில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். மாலையில் கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு வந்தவன் சப்பாத்தைக் கழற்றுமுன்பே அவள் கேட்டாள்.

"மூணு லட்சத்து நாப்பதாயிரம். யாருக்கு?"

அவன் கதவைச் சாத்தினான். "தம்பிக்கு. அவன் கடையில விக்கப் போன் வாங்கணும்னு கேட்டான். ஒரு மாசத்துல தாறேன்னான். என் கார்ட்டத் தேய்ச்சேன்."

தம்பி சுதேஷுக்குக் கம்பளையில் கைத்தொலைபேசிக் கடை. ஒரு மாதம் பத்து மாதமாகியிருந்தது. யோகராஜ் ஆகக் குறைந்த தவணையை மட்டும் ஒளித்து ஒளித்துக் கட்டி வந்திருக்கிறான்; கடைசி இரண்டு மாதம் அதுவும் முடியவில்லை. ஓவர்டைம் இல்லையென்று அவன் சொன்ன மாதங்களின் பணமெல்லாம் அங்கேதான் போயிருந்தது.

"உன் சேமிப்புல ரெண்டு லட்சத்து அறுபது இருக்குதுதானே" என்றான் மெதுவாக. "அதுக்கு பேங்க் நாலு வீதம்தான் தருது. கார்ட்டுக்கு இருபத்தாறு வீதம் எடுக்குறான். அந்தக் காசப் போட்டுக் கட்டிட்டா நமக்குத்தான் லாபம். கணக்குப் பண்ணிப் பாரு."

கணக்கு சரிதான். அது சரியாக இருந்ததுதான் அவளைக் கொதிக்க வைத்தது.

"கணக்கா? ரெண்டாயிரத்து இருபத்திரண்டுல உங்க பேக்டரிய மூடுனாங்களே, அப்ப எந்தக் கணக்கு சோறு போட்டுச்சு? பிள்ளைக்கு நிமோனியா வந்து, ஊசி மருந்த வெளிய வாங்கச் சொன்னாங்க. என் ரெண்டு வளையலும் அடகுக்குப் போச்சு. திரும்பி வந்துச்சா? அதுக்குப் பொறகு ஐயாயிரம், மூவாயிரமா சேத்த காசுங்க இது. மறுபடி வேலை போனா உங்க இருபத்தாறு வீதத்தையா பிள்ளைக்குக் கரைச்சுக் குடுக்கிறது?"

"கத்தாத. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். கடையில முதலாளியே கேட்டுட்டாரு."

ஞாயிறு காலை அவள் அட்டையின் கணக்கறிக்கையை எடுத்துக்கொண்டு கம்பளை பஸ் ஏறினாள். யோகராஜ் பின்னாலேயே ஓடிவந்து ஏறினான். வழி நெடுக அவள் அவனைப் பார்க்கவேயில்லை.

சுதேஷின் கடையில் நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றார்கள். நிஷாந்தி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்தாள்.

"வாங்க அண்ணி! சொல்லாமக் கொள்ளாம..."

"காசு வாங்க வந்தேன். வச்சாத்தான் எந்திரிப்பேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். "வியாபாரம் மந்தம் அண்ணி. குடும்ப விஷயத்த வீட்டுல பேசுவோமே."

"பேங்க்காரன் என்கிட்ட வீட்டுலயா பேசுனான்?"

சத்தம் கேட்டு சுதேஷின் மனைவி சீதா உள்ளேயிருந்து வந்தாள். நிஷாந்தி நீட்டிய தாளை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"சீட்டுக் காசுல வாங்குன போன்னுதானே என்கிட்டச் சொன்னீங்க? அப்ப அந்தச் சீட்டுக் காசு எங்க?"

சுதேஷ் மேசையிலிருந்த போன்களை அடுக்கத் தொடங்கினான். யோகராஜ் வாசலில் தலை குனிந்து நின்றான். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். சீதா புருஷனின் போனைப் பிடுங்கி, வங்கிக் கணக்கைத் திறக்க வைத்தாள். ஒன்றரை லட்சம் இருந்தது. முப்பதாயிரத்தைக் கடை வாடகைக்கு நிறுத்திவிட்டு, மிச்சத்தை அந்த இடத்திலேயே யோகராஜின் கணக்குக்கு அனுப்ப வைத்தாள்.

"இவ்வளவுதான் இருக்கு அக்கா" என்று தாளைத் திருப்பி நீட்டினாள். நிஷாந்திக்கு அவள்மேல் கோபம் வரவில்லை.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு, யோகராஜை வங்கிக்குக் கூட்டிப்போனாள். சுதேஷ் தந்த ஒரு லட்சத்து இருபதாயிரத்தோடு தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் போட்டாள். அதற்குமேல் ஒரு சதமும் இல்லையென்று முன்னமே சொல்லியிருந்தாள். மீதி ஒரு லட்சத்து இருபதாயிரத்தைக் குறைந்த வட்டியில் பன்னிரண்டு தவணையாக்கி, அவன் சம்பளத்திலிருந்து கழிக்கக் கையெழுத்து வைக்கச் சொன்னாள். வைத்தான். அட்டையை அவளே இரண்டாக வெட்டி மேசையில் போட்டாள்.

வங்கி உத்தியோகத்தர் புன்னகைத்தார். "மேடம், உங்க சம்பளத்துக்கு உங்க பேர்லயே ஒரு கார்ட் எடுக்கலாமே? முதல் வருஷம் இலவசம்."

யோகராஜுக்குச் சிரிப்பு வந்தது. அவள் பார்த்த பார்வையில் அடங்கியது.

"இனி என் கடைக்குப் போன் பண்ண மாட்டோம்னு எழுதித் தாங்க. முத்திரையும் குத்தித் தாங்க" என்றாள்.

வெளியே வந்ததும் அவன் கேட்டான். "இன்னும் கோவமா?"

"ஆமா" என்றாள். "பன்னெண்டு தவணையும் முடியட்டும். பொறகு பாப்போம்." அரை நாள் லீவு முடியும் நேரமாகியிருந்தது. அவள் வேகமாக வீதியைக் கடந்தாள்.