திரையில் சாம்பல் கட்டங்கள்

சங்கரலிங்கத்துக்கு இரண்டு வருடங்களாக எதன் நடுப்பகுதியும் தெரிவதில்லை. எதைப் பார்த்தாலும் ஓரங்கள் மட்டும் இருக்கும். நடுவில் புகைபோல ஒரு சாம்பல் வட்டம் நிற்கும். மனைவி உமாராணி எதிரில் வந்து நின்றால் காதுத்தோடு தெரியும், தோளில் சேலை மடிப்பு தெரியும், முகம் இருக்காது. விழித்திரையில் கோளாறு, போனது திரும்பாது, ஆனால் முழுக்க இருட்டிவிடாது என்று புதுச்சேரி டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் கடைசியாகச் சொன்னதை உமாராணி நம்பினாள். சங்கரலிங்கம் பாதிதான் நம்பினார்.

நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் இருபத்தெட்டு வருடம் இருந்தவர், கண்ணுக்காக வேலையை விட்டார். உமாராணி கம்பெனி ஆஸ்பத்திரியில் பெர்மனென்ட் நர்ஸ். அதனால் பத்தொன்பதாவது பிளாக்கில் குவார்ட்டர்ஸ் அவள் பெயரில் இருந்தது. ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் மகள் சண்முகப்பிரியா, அப்பா பாட்டு கேட்கட்டும் என்று ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பினாள். அவர் அதில் வேறொன்றைக் கண்டுபிடித்தார்.

ஒரு பொருளைப் படம் எடுத்து, இரண்டு விரலால் விரித்துக்கொண்டே போனால், கண்ணுக்குள் இருக்கும் வட்டத்தைவிட அது பெரிதாகிவிடும். பிறகு அதை மெல்ல நகர்த்தி, கண்ணின் ஓரத்தால் துண்டு துண்டாகப் பார்க்கலாம். ஒரு முருங்கைப் பூவுக்குள் அவர் அரைமணி நேரம் உலாவினார். பலாப்பிஞ்சின் முள்ளெல்லாம் பச்சை மலைகளாக நின்றன. மின்நிலையத்துக் கோபுரங்களிலிருந்து எழும் நீராவியைப் படமெடுத்து விரித்தால், உள்ளே இன்னொரு வானம், அதற்குள் இன்னொன்று. உமாராணி டியூட்டிக்குப் போனபின் மத்தியானம்வரை அவர் அந்த வெண்மைக்குள்தான் இருப்பார்.

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை. வாசலில் பவழமல்லி உதிர்ந்து கிடந்தது. குனிந்து படம் எடுத்தார். உள்ளே வந்து உட்கார்ந்து படத்தைத் திறந்தார். பூ இல்லை. சாம்பல்தான் இருந்தது. விரித்தார், சாம்பல் பெரிதாயிற்று. மறுபடி போய் எடுத்தார். அதுவும் சாம்பல். பழைய படங்களைத் தேடினார். முருங்கைப்பூ, பலாப்பிஞ்சு, நீராவி, ஒன்றுகூட இல்லை.

வட்டம் வளர்ந்துவிட்டது என்று நினைத்தார்.

எழுந்து சுவரைப் பார்த்தார். காலண்டரின் ஓரம் தெரிந்தது. நேற்று இதைவிட அதிகமாகத் தெரிந்ததா? ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம். எதிர்க் குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் வெள்ளை. அது பனியா, தன் கண்ணா என்று அவரால் பிரிக்க முடியவில்லை. பயம் வந்தபின் எதை அளந்தாலும் அளவு நிற்பதில்லை. டேப்லெட்டை ஃப்ரிட்ஜ் மேல் கவிழ்த்து வைத்தார்.

உமாராணியிடம் சொல்லவில்லை. அவளுக்கு அந்த வாரம் வார்டில் ஆள் குறைவு, களைத்து வந்தாள். அவர் தனியாக இருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு அடுப்படிக்கு எத்தனை எட்டு, குளியலறைக்கு எத்தனை எட்டு என்று பழகத் தொடங்கினார். நடக்க நடக்க, மிதப்பது போலிருந்தது. வீடு மெல்லத் தண்ணீருக்குள் இறங்குகிறது, தான் அதில் நீந்தக் கற்கிறோம் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை உமாராணிக்கு வார விடுமுறை. தட்டில் இட்லியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“நாலு நாளா டேப்லெட் ஃப்ரிட்ஜ் மேலயே கிடக்கு. என்னங்க ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. தலைவலி.”

“தலைவலிக்கு மாத்திரை கேட்கவே இல்லையே நீங்க.”

அவர் இட்லியைத் தொடாமல் இருந்தார். “உமா, முடிஞ்சிருச்சுன்னு நினைக்கிறேன்.”

“என்ன முடிஞ்சிருச்சு?”

“கண்ணு. பெருசு பண்ணினாலும் தெரியல. எல்லாப் படமும் சாம்பலா இருக்கு.”

அவள் கை தானாகவே நீண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தது, நாடி பார்ப்பதுபோல. பிறகு எழுந்துபோய் டேப்லெட்டை எடுத்துவந்து திறந்தாள். ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனாள். அதையே அவர் தனக்கான பதில் என்று எடுத்துக்கொண்டார்.

“என்னங்க,” என்றாள். “எனக்கும் சாம்பலாத்தாங்க தெரியுது.”

“விளையாடாத.”

“சத்தியமா. வரிசையா சாம்பல் கட்டம், ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆச்சரியக்குறி. உங்க கண்ணுக்கு ஒண்ணும் ஆகல. டேப்லெட்டுக்குத்தான் உடம்பு சரியில்ல.”

அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னாள். மூன்றாவது தடவையும் கேட்டார். அதையும் சொல்லிவிட்டு, “இதை நாலு நாள் நெஞ்சுல வச்சுக்கிட்டா தூங்கினீங்க?” என்று குரலை உயர்த்தினாள்.

“எங்க தூங்கினேன்?”

இட்லி ஆறிப்போயிற்று. உமாராணி டேப்லெட்டை மேசையில் கிடத்தி, வார்டில் புதிதாக வந்த நோயாளியைப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அணைத்துப் போட்டாள், மாற்றமில்லை. உள்ளே இடம் இருக்கிறதா என்று பார்த்தாள், பாதிக்குமேல் காலி. தண்ணீர்ச் சொம்பைப் படம் எடுத்தாள். திரையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி வந்து, இரண்டு நொடியில் மறைந்தது. “படத்தைச் சேமிக்க முடியவில்லைன்னு போடுதுங்க.” அவர் கண்ணுக்கு அந்த எழுத்து ஒருநாளும் பட்டிருக்காது.

மகளுக்கு போன் போட்டாள்.

“கேமரா செட்டிங்ஸ்ல, படம் எங்க சேமிக்குதுன்னு பாரும்மா,” என்றாள் சண்முகப்பிரியா.

“மெமரி கார்டுன்னு இருக்குடி.”

“அப்ப கார்டுதான் கெட்டிருக்கும். அதை டேப்லெட்னு மாத்து. கார்டை ஃபார்மட் பண்ணவான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லிரு, பழசெல்லாம் அழிஞ்சிரும். அணைச்சிட்டு கார்டைக் கழட்டிக் கடையில குடு.”

சொன்னபடி செய்தாள். “இப்ப எடுங்க,” என்று அவர் எதிரில் நின்றாள்.

எடுத்தார். படம் வந்தது. விரித்தார். புருவம் ஒரு கரையாக நீண்டது. அதன் கீழே கண், திரை கொள்ளாமல், கருப்பில் ஜன்னல் வெளிச்சம் மிதந்தது.

“இமையெல்லாம் ஏன் ஈரமா இருக்கு?”

“பெருசு பண்ணினா எல்லாம் தெரிஞ்சிருமா உங்களுக்கு?” என்று சொல்லி அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மெயின் பஜாரில் ஆரோக்கியதாஸ் என்பவரின் கடையில் கார்டைக் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். போனபோது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“சார் ரொம்ப நாளா ஒரே கார்டைப் போட்டுகினு இருந்திருக்காரு. ரெண்டாயிரத்துக்கு மேல படம் இருந்திருக்கு, நானூறுதாங்க சிஸ்டர் திரும்ப வந்துச்சு. பாருங்க, வேண்டாததை அழிச்சிட்டுத் தரேன்.”

பூவும் மேகமும் இருக்கும் என்று நினைத்து உட்கார்ந்தாள். அவையும் இருந்தன. ஆனால் இடையிடையே அவளே வந்துகொண்டிருந்தாள். பூண்டு உரிக்கும் கை. சீப்பில் சிக்கிய முடி. குதிகால் வெடிப்பு. கொடியில் காயும் யூனிஃபார்ம். தூங்கும்போது திறந்திருந்த உள்ளங்கை, அதன் ரேகைகள் ஆறுகள்போல. அவர் இதையெல்லாம் எப்போது எடுத்தார் என்று அவளுக்குத் தெரியாது. தன்னை இவ்வளவு அருகில் யாராவது பார்த்திருப்பார்கள் என்று நினைத்ததுமில்லை.

“எதை அழிக்கட்டும் சிஸ்டர்?”

“எதையும் அழிக்காதீங்க,” என்றாள்.

மறுநாள் அவளுக்குக் காலை ஷிஃப்ட். “நானும் ஸ்டாப் வரைக்கும் வரேன்,” என்று சங்கரலிங்கம் டேப்லெட்டை மஃப்ளருக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். தெரு முழுக்கப் பனி. மரங்கள் வேரில்லாமல் நின்றன. இருவரும் நடந்தார்கள். கம்பெனி பஸ் மஞ்சள் வெளிச்சமாக வந்து நின்றது, அவள் ஏறினாள், அது புறப்படும்போது அவர் குத்துமதிப்பாக ஒரு படம் எடுத்தார்.

ஸ்டாப்பின் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அதை விரித்தார். வெள்ளை, வெள்ளை, பஸ்ஸின் விளிம்பு, ஜன்னல் கம்பி. கம்பிக்குப் பின்னால் ஒரு முகம், அவர் பக்கம் திரும்பியிருந்தது. கன்னம், மூக்குத்தி, லேசாகத் திறந்த உதடு. ஏதோ சொல்லியிருக்கிறாள். என்ன என்று சாயங்காலம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, வெயில் ஏறும்வரை அவர் அங்கேயே இருந்தார்.